தொடர் டயாலிசிஸ் ஓடும்போது நோயாளியை உட்கார வைக்கலாமா? ஐசியூவில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி

1. புதுபிசியோ

ஐசியூவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் எலும்பு அறுவை வார்டில் இருந்தேன். அங்கே இடுப்பு மாற்றியவரை மறுநாளே எழுப்பி நிறுத்துவோம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே கதை வேறு.

இப்போது என் லிஸ்டில் ஒருவர் இருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரத்தத்தில் கிருமி பரவி சிறுநீரகம் நின்றுபோனவர். சிஆர்ஆர்டி, அதாவது நாள் முழுக்க நிற்காமல் ஓடும் தொடர் டயாலிசிஸ், ஆரம்பித்து இன்று ஆறாவது நாள். வென்டிலேட்டர் எடுத்து இரண்டு நாள் ஆகிறது, மூக்கில் ஆக்சிஜன் மட்டும். கழுத்தின் வலப்பக்கம் டயாலிசிஸ் கேதீட்டர். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து கொஞ்சமாக ஓடுகிறது, இரண்டு நாளாக அதே அளவு. ஆள் தெளிவாக இருக்கிறார், பேசுகிறார். நேற்று என்னிடம், "முதுகு எரியுதும்மா, கொஞ்சம் உட்கார வைங்களேன்" என்றார்.

நான் கட்டில் கம்பியை இறக்கியதுமே டியூட்டி நர்ஸ் ஓடி வந்துவிட்டார். "மெஷின் ஓடுது, தொடாதீங்க. ஃபில்டர் போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என் குறிப்பேட்டில் ஆறு நாளாக ஒரே வரிதான்: "டயாலிசிஸ் ஓடுகிறது, பிசியோ செய்யப்படவில்லை." நான் எழுதியது இரண்டு, மற்றவர்கள் எழுதியது நான்கு.

முதல் நாள் அவர் தொடையைப் பிடித்தபோது கை நிறையச் சதை இருந்தது. நேற்று பிடித்தால் தோல் தனியாக நகர்கிறது.

மெஷின் ஓடும்போது அசைத்தால் உண்மையிலேயே ஆபத்தா, இல்லை வழிவழியாக வந்த பயமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. இரவுப்பணி

முதலில், அந்த நர்ஸ் மேல் கோபப்படாதீர்கள். பதினாலு வருடமாக ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன், அந்த வரியை நானும் சொல்லியிருக்கிறேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த ஃபில்டர், ரத்தம் கெட்டியாகி அடைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? வெளியே ஓடும் ட்யூபிலும் ஃபில்டரிலும் கிட்டத்தட்ட 150 முதல் 200 மில்லி ரத்தம் இருக்கும். கெட்டியாகும் முன் பிடித்தால் உள்ளே திருப்பி விடலாம். பிடிக்காவிட்டால் அவ்வளவும் குப்பைக்குத்தான். ஏற்கெனவே ஹீமோகுளோபின் ஏழிலும் எட்டிலும் நிற்கிற ஆள். அப்புறம் புது செட் போட்டு, சலைன் ஓட்டி, காற்று நீக்கி, மறுபடி இணைப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளியையும் நான்தான் பார்க்க வேண்டும். பிசியோ பத்து நிமிடம் வந்து கையை உதறிவிட்டுப் போய்விடுவார், விடியும் வரை அலாரத்தோடு மல்லுக்கட்டுவது நாங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் கேள்விக்குப் பதில்: உட்கார வைக்கலாம். எங்கள் யூனிட்டில் நாலைந்து வருடமாகச் செய்கிறோம். ஆனால் நர்ஸைக் கேட்காமல் கம்பியை இறக்கக்கூடாது தங்கச்சி. தப்பு அங்கேதான் நடந்திருக்கிறது.

3. புதுபிசியோ

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. கேட்டிருக்க வேண்டும்.

4. வடிகட்டி

சிறுநீரக மருத்துவன். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

தொடர் டயாலிசிஸ் 1977-இல் ஜெர்மனியில் பீட்டர் கிராமர் தொடங்கியபோது பம்பே கிடையாது. ஒரு தமனியிலும் ஒரு சிரையிலும் குழாய் போட்டு, நோயாளியின் ரத்த அழுத்தமே ரத்தத்தைத் தள்ளும். தமனியில், அதுவும் தொடையிடுக்கில், தடிமனான குழாய் இருக்கிற ஆளை யாரும் அசைக்கத் துணிய மாட்டார்கள். நியாயம்தான். இன்று பம்ப் இருக்கிறது, சிரையில் ஒரே இரட்டைக் குழாய், நாலு இடத்தில் பிரஷர் அளக்கும் மெஷின், காற்றைக் கண்டுபிடிக்கும் கருவி. கருவி எல்லாம் மாறிவிட்டது, "அசையாதே" மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி, அசைந்தால் என்ன ஆகிறது? மெஷின் நிமிடத்துக்கு 150 முதல் 250 மில்லி ரத்தத்தை இழுக்கிறது. படுத்திருப்பவரை உட்கார வைத்ததும் ரத்தம் காலுக்கு இறங்குகிறது, நெஞ்சுக்குள் பெரிய சிரையில் நிறைவு குறைகிறது. உறிஞ்சும் துளை சிரையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது அது டம்ளரின் பக்கச் சுவரில் ஒட்டுவது மாதிரி. உடனே அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும். பம்ப் நிற்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. நின்ற பம்பை யாரும் கவனிக்காமல் சில நிமிடம் விட்டால்தான் ரத்தம் கெட்டியாகிறது. அதாவது ஃபில்டரைக் கொல்வது அசைவு இல்லை, அலாரம் அடித்தபோது பக்கத்தில் ஆள் இல்லாததுதான்.

ஆதாரம் என்று பார்த்தால்: 2014-இல் மெல்பர்னிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது, முப்பது சொச்சம் நோயாளிகள். படுக்கைப் பயிற்சியிலிருந்து எழுந்து நிற்பது வரை செய்தார்கள். பயிற்சி நேரத்தில் ஒரு ஃபில்டரும் அடைக்கவில்லை, பயிற்சி கொடுத்த ஃபில்டர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடியதாகக்கூட வந்தது. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஐசியூவிலிருந்து இன்னொன்று: 57 பேர், மெஷின் ஓடும்போதே 268 பிசியோ அமர்வுகள். டயாலிசிஸ் தொடர்பான பெரிய விபரீதம் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் படுக்கையிலேயே செய்தவை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவையும் கணிசம், நின்றவை கொஞ்சம்.

5. ஐயப்பாடு

ஐசியூ டாக்டர். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும்.

வடிகட்டி சார் சொன்ன இரண்டு ஆய்வுகளும் சிறியவை. யாரை அசைக்கலாம் என்று பிசியோவும் டாக்டரும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த நோயாளிகள். தேறக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு விபத்து நடக்கவில்லை என்று மகிழ்வதில் என்ன இருக்கிறது? ஃபில்டர் அதிக நேரம் ஓடியதும் அப்படித்தான். நிலைமை சீராக இருக்கிறவருக்கு ஃபில்டரும் சீராக ஓடும்.

அப்புறம் 2022-இல் வந்த, டீம் (TEAM) என்று பெயரிட்ட ஆய்வை யாரும் இங்கே சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருந்த 750 பேர், ஆறு நாடுகள். ஒரு பாதிக்கு முன்கூட்டியே அதிகப்படியான பயிற்சி, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 180 நாளில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் 143-ம் 145-ம். வித்தியாசமே இல்லை. ஆனால் பயிற்சியை ஒட்டி வந்த பாதகங்கள் அதிகப் பயிற்சிக் குழுவில் 9.2 சதவீதம், மற்றதில் 4.1 சதவீதம். இதயத்துடிப்பு தாறுமாறாவது, பிரஷர் இறங்குவது, ஆக்சிஜன் குறைவது.

"எழுப்பு, எழுப்பு" என்பது இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

6. நடைவண்டி

ஐசியூ பிசியோ, சீனியர் என்று சொல்லிக்கொள்ளும் வயது.

ஐயப்பாடு சார், டீம் ஆய்வின் இன்னொரு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகப் பயிற்சிக் குழுவுக்கு ஒரு நாளில் கிடைத்தது சராசரி 20.8 நிமிடம். மற்றக் குழுவுக்கு 8.8 நிமிடம். அதாவது "வழக்கமான கவனிப்பு" என்றால் அசையாமல் கிடப்பது இல்லை, அவர்களும் பிசியோ பெற்றவர்கள்தான். ஒன்பது நிமிடத்துக்கும் இருபத்தொரு நிமிடத்துக்கும் நடந்த போட்டி அது. புதுபிசியோவின் நோயாளிக்கு ஆறு நாளாகப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நியாயப்படுத்த டீம் உதவாது.

2009-இல் லான்செட்டில் வந்த 104 பேர் ஆய்வில், வென்டிலேட்டர் போட்ட ஓரிரு நாளிலேயே தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் வீட்டுக்குப் போனார்கள், மற்றக் குழுவில் 35. அங்கே ஒப்பிடப்பட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: ஒன்றுமில்லாததிலிருந்து கொஞ்சத்துக்குப் போனால் பலன் நிறைய. கொஞ்சத்திலிருந்து நிறையவுக்குப் போனால் பலன் சந்தேகம், ஆபத்து உண்டு.

ஃபேஷன் என்பதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். வென்டிலேட்டரோடு நடக்கும் நோயாளியைப் படம் எடுத்துப் போடுவதில் சிலருக்கு ஆசை அதிகம்.

7. அம்மாவின்மகள்

நான் மருத்துவத் துறையில் இல்லை. தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது.

என் அம்மா போன வருடம் பதினோரு நாள் அந்த மெஷினில் இருந்தார். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கேட்டேன், "கை கால் ஏதாவது அசைக்கச் சொல்லலாமா?" "மெஷின் நின்ற பிறகு பார்க்கலாம்" என்றார்கள். மெஷின் நின்றது. சிறுநீரகம் திரும்பி வந்தது, எல்லோரும் கைகொடுத்தார்கள். வார்டுக்கு வந்த அன்று அம்மாவிடம் டம்ளரைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தும் வாய் வரை தூக்க முடியவில்லை, பாதியில் கை இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று, கழிப்பறைக்குத் தனியாகப் போவதற்கு. சிறுநீரகம் சரியாவதற்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. பதினோரு நாளில் ஒரு ஆள் இப்படி ஆக முடியுமா என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

8. வடிகட்டி

முடியும் அம்மா. இதைக் குடும்பத்தாருக்கு முன்பே சொல்லாதது எங்கள் குறை.

2013-இல் லண்டனில் 63 ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து அளந்தார்கள். பத்தாவது நாளில் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு 17.7 சதவீதம் குறைந்திருந்தது. அதில் இன்னொன்று: ஒரே உறுப்பு பழுதானவர்களுக்கு ஏழு நாளில் 3 சதவீதம் போனால், பல உறுப்புகள் பழுதானவர்களுக்கு 15.7 சதவீதம். சிஆர்ஆர்டியில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். சிறுநீரகம் மட்டும் நின்றவருக்குப் பெரும்பாலும் சாதாரண டயாலிசிஸே போதும்.

இதற்கு மேல் மெஷினும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். அது கழிவை மட்டும் எடுப்பதில்லை. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 முதல் 20 கிராம் அமினோ அமிலம் கழிவு நீரோடு போய்விடும். அதனால்தான் சிஆர்ஆர்டியில் இருப்பவருக்குப் புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.7 கிராம் வரை போகலாம் என்று 2012-இல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலே சொல்கிறது. "சிறுநீரக நோயாளி, புரதம் குறைக்கணும்" என்று யாராவது சொன்னால், அது மெஷினில் இல்லாதவருக்கான பேச்சு.

பாஸ்பேட்டும் போய்விடும். பாஸ்பேட் இறங்கினால் மூச்சுத் தசை உட்பட எல்லாத் தசையும் துவண்டுவிடும். பிசியோ நண்பர்களே, "ஒத்துழைக்க மாட்டேங்கிறார், சோர்வாக இருக்கிறார்" என்று எழுதும் முன் அன்றைய பாஸ்பேட் என்ன என்று ஒரு தடவை பாருங்கள். நான் பார்த்தவரை பல தடவை பதில் அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது.

9. மூன்றாம்கட்டில்

நான் அந்தக் கட்டிலில் கிடந்தவன். ஒன்பது நாள் மெஷின். நாலாவது நாளிலிருந்து உட்கார வைத்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

முதல் விஷயம், குளிர். மெஷின் ஓடும்போது எந்நேரமும் குளிரும். ரத்தம் வெளியே சுற்றிவிட்டு ஆறிப்போய் வருகிறது என்று பிறகு சொன்னார்கள். உட்கார வைப்பதற்காகப் போர்வையை எடுத்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. அது பயத்தால் என்று அந்தத் தம்பி நினைத்துவிட்டார். குளிர்தான். சால்வை ஒன்றை முதலிலேயே தோளில் போட்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது, தலை. என் தலை அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. கழுத்தில் நிற்கவே இல்லை, பின்னால் ஒருவர் நெஞ்சைக் கொடுத்துச் சாய்த்துக்கொண்டார். பாதம் தரையில் பட்டபோது ஊசிமேல் வைத்தது போல இருந்தது.

மூன்றாவது, அலாரம். உட்கார்ந்த அரை நிமிடத்தில் மெஷின் கத்தியது. நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாக. அந்த நர்ஸ் அம்மா என் கழுத்து ட்யூபை ஒரு கையால் பிடித்தபடியே, "ஒண்ணுமில்லை, தலையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். திருப்பினேன், நின்றுவிட்டது. அது கத்தும், கத்தினால் இதுதான் அர்த்தம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் "இன்னிக்கு எப்ப உட்கார்றது?" என்று நானே கேட்டேன்.

10. புதுபிசியோ

மூன்றாம்கட்டில் அண்ணா, சால்வை விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாளை ரவுண்ட்ஸில் பேசப் போகிறேன். நடைவண்டி சார், நீங்கள் எப்படிச் செய்வீர்கள், செய்முறையாகச் சொல்ல முடியுமா? புத்தகத்தில் "கவனத்துடன் செய்யவும்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

11. நடைவண்டி

சொல்கிறேன். எங்கள் யூனிட் வழக்கம் இது, உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

போகும் முன் நர்ஸிடம் இரண்டு கேள்வி. இந்த ஃபில்டர் எத்தனை மணி நேரமாக ஓடுகிறது? பிரஷர் எண்கள் காலையிலிருந்து ஏறிக்கொண்டே போகிறதா? ஃபில்டர் அறுபது மணி நேரத்தைத் தாண்டி, எண்களும் ஏறிக்கொண்டிருந்தால் அது தானே சாகப் போகிறது. அந்த நேரத்தில் நீங்கள் தொட்டால் பழி உங்கள் தலையில். அதைவிட, "எப்போது மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டு, கழற்றிய இடைவெளியில் செய்துவிடுங்கள். ட்யூபே இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்கும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் போகாமல் அந்த நேரத்துக்காகக் காத்திருந்த நாட்கள் எனக்கு உண்டு, வீண் போனதில்லை.

நோயாளியைப் பொறுத்தவரை நான் பார்ப்பது: கூப்பிட்டால் கண் திறந்து சொன்னதைச் செய்கிறாரா, சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் நிற்கிறதா, நார்அட்ரினலின் கடந்த சில மணி நேரமாக ஏற்றப்படாமல் இருக்கிறதா. ஓடுகிறதா என்பதைவிட ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் இடம். கழுத்தில் வலப்பக்கம் கேதீட்டர் என்றால் மெஷின் வலப்பக்கம், நோயாளி இறங்குவதும் வலப்பக்கம். மெஷினுக்கு எதிர்ப்பக்கம் இறக்கினால் ட்யூப் மார்பைக் குறுக்கே இழுக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும், பாதி அலாரம் இதனால்தான். சக்கரப் பூட்டை எடுத்து மெஷினைக் கட்டிலுக்கு ஒட்டித் தள்ளுங்கள். ட்யூபில் ஒரு வளைவு தளர்வாகத் தொங்க வேண்டும். அது கட்டில் கம்பிக்குள் புகுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

மூன்று பேர் வேண்டும். ஒருவர் நோயாளியின் முதுகுப்பக்கம், ஒருவர் முன்னால், மூன்றாவது ஆளுக்கு ஒரே வேலை: கழுத்துக் கேதீட்டரும் இணைப்பும். அவர் வேறு எதையும் தொடக்கூடாது, தலையணை விழுந்தாலும் எடுக்கக்கூடாது. பொதுவாக நர்ஸ்தான் அந்த ஆள்.

முதல் நாளே ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. படுத்தபடியே முழங்கால் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், குதிகாலால் உங்கள் கையைத் தள்ளச் சொல்லுங்கள். படுக்கையில் மிதிக்கும் சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கட்டிலையே நாற்காலி போல மடக்கி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பிரஷரும் மெஷின் எண்ணும் நின்றால்தான் ஓரத்துக்கு. அதற்கடுத்து நிற்பது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது. நடை பெரும்பாலும் கிடையாது, ட்யூப் அவ்வளவு நீளம் இல்லை. நடக்கத் தெம்பிருப்பவரை மெஷினிலிருந்து தற்காலிகமாகக் கழற்றி, சலைனை ட்யூபுக்குள் சுற்றவிட்டு நடத்தி வருவதுண்டு. டாக்டரும் நர்ஸும் இருவரும் சரி என்றால் மட்டும்.

12. இரவுப்பணி

நடைவண்டி சார் எழுதியதோடு நர்ஸ் பக்கத்திலிருந்து சில.

இழுக்கும் பக்கம் பிரஷர் அலாரம் அடித்தால் பதறாதீர்கள். கழுத்தை நேராக்குங்கள், இருமுகிறாரா பாருங்கள், ட்யூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். பம்ப் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் இழுப்பு தணியும். ஆனால் குறைத்ததை மறந்துவிட்டுப் போகக்கூடாது, மெதுவாக ஓடும் ரத்தம் ஃபில்டரில் கெட்டியாகும்.

திரும்பும் பக்கம் பிரஷர் திடீரென்று விழுந்தால், அதுதான் உண்மையான ஆபத்து. மெஷின் திரையைப் பார்க்காதீர்கள், நேராக இணைப்பைப் பாருங்கள். கழன்றிருந்தால் நிமிடத்துக்கு 200 மில்லி வெளியே கொட்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர். அதனால் என் கண்டிப்பான விதி ஒன்று: இணைப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சால்வைக்குள் போகக்கூடாது. மூன்றாம்கட்டில் சார், உங்கள் சால்வை இடத் தோளில் மட்டும்தான்.

அப்புறம் நீர் எடுக்கும் அளவு. மணிக்கு இத்தனை மில்லி என்று உடம்பிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்கும்போது ஆளை உட்கார வைத்தால் பிரஷர் விழாமல் என்ன செய்யும்? டாக்டரிடம் சொல்லிவிட்டு அந்த அரை மணி நேரம் பூஜ்யத்தில் வைத்துவிடுவோம். திரும்பப் போட மறந்து, மாலையில் கணக்கு இடித்து, திட்டு வாங்கிய அனுபவமும் உண்டு. இப்போது மெஷின் மேலேயே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி நேரம் எழுதிவிடுகிறேன்.

மெஷினுக்குள் ரத்தம் கெட்டியாகாமல் இருக்க சிட்ரேட் ஓடுகிறவராக இருந்தால், உதடு மரத்துப்போகிறது, விரல் நுனி கூசுகிறது என்று சொன்னால் அலட்சியம் வேண்டாம். கால்சியம் இறங்கியிருக்கலாம். பயிற்சியால் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

13. ஐயப்பாடு

இது பயனுள்ள பதிவு, இரவுப்பணி மேடம்.

தொடையிடுக்கில் கேதீட்டர் இருந்தால்? அங்கே நான் "முடியாது" என்றே சொல்லி வந்திருக்கிறேன். இடுப்பை மடக்கினால் குழாய் மடங்கும், ரத்தக்கட்டி சேரும், ரத்தம் கசியும்.

14. நடைவண்டி

நானும் அப்படித்தான் இருந்தேன். தொடையிடுக்கில் குழாய் இருந்த 101 நோயாளிகளுக்கு 253 பிசியோ அமர்வுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. குழாயால் ஒரு பாதகமும் இல்லை. அதில் எல்லாமே டயாலிசிஸ் குழாய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் கொடுத்து ஒரு பட்டியல் போட்டார்கள் அல்லவா, அதில் சிஆர்ஆர்டி, தொடையிடுக்குக் குழாயோடு சேர்த்தே, பச்சை. படுக்கையிலும் பச்சை, படுக்கைக்கு வெளியேயும் பச்சை.

நடைமுறையில், நீளமான கேதீட்டராக, 24, 25 சென்டிமீட்டர் உள்ளதாகப் போட்டிருந்தால் தொல்லை குறைவு. நான் இடுப்பைச் செங்கோணத்துக்கு மடக்க மாட்டேன். கட்டிலை உயர்த்தி, ஓரத்தில் சாய்வாக உட்கார வைத்து, அப்படியே நிற்க வைப்பேன். நிற்கும்போது இடுப்பு நேராகிவிடுவதால் உட்கார்ந்ததைவிட மெஷின் நன்றாகவே ஓடும். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

15. கைகுட்டை

எக்மோவில், அதாவது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் மெஷினில், இருப்பவரையும் இப்படி நடக்க வைக்கலாமா? ஒரு வீடியோ பார்த்தேன்.

16. நெறியாளர்

கைகுட்டை, அது தனிக் கடல். புது இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

17. ஐயப்பாடு

சரி, தொடையிடுக்கு விஷயத்தில் என் "முடியாது" என்பதை "பார்க்கலாம்" என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் என் பட்டியல் ஒன்று இருக்கிறது, இவர்களை நான் விட மாட்டேன்: நார்அட்ரினலின் ஏறிக்கொண்டே இருப்பவர், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடுவது) ஏறுபவர், எங்கேயாவது ரத்தம் கசிபவர், அன்றுதான் கேதீட்டர் போட்டு இன்னும் அந்த இடத்தில் ரத்தம் ஊறுவது நிற்காதவர், குழம்பிப்போய் ட்யூபைப் பிடுங்குபவர். கடைசி ஆளைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். அசைத்தால் தெளிவார் என்று சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கழுத்தில் அந்தத் தடிமனில் ஒரு குழாயை அவர் பிடுங்கி நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, யாரும் வாய் திறக்காதது. மூன்று பேர், அரை மணி நேரம். பல ஐசியூவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ், பிசியோ பாதி நேரம்தான். "மெஷின் ஓடுது" என்பது சில சமயம் "ஆள் இல்லை" என்பதைச் சொல்லும் மரியாதையான வழி. நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

18. அம்மாவின்மகள்

அப்படியென்றால் அதையே எங்களிடம் சொல்லியிருக்கலாமே டாக்டர். படுத்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவதை நான் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்திருப்பேனே. தினமும் ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

19. ஐயப்பாடு

நீங்கள் சொல்வது சரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

20. புதுபிசியோ

மூன்று நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ரவுண்ட்ஸில் கேட்டேன். டாக்டர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் என்னைப் பார்த்தார். "ட்யூபை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், நீங்கள் நிறுத்து என்றால் நிறுத்திவிடுவேன்" என்றேன். அதே நர்ஸ்தான், அன்று ஓடி வந்தவர். "சரி, பதினொரு மணிக்கு வாங்க" என்றார். முதல் நாள் படுக்கைப் பயிற்சியும் நாற்காலிக் கட்டிலும் மட்டும். இரண்டாம் நாள் காலை பாஸ்பேட் பார்த்தேன், குறைவாக இருந்தது. டாக்டரிடம் சொன்னதும் ஊசியில் ஏற்றினார்கள், அன்று உட்கார வைக்கவில்லை.

இன்று உட்கார்ந்தார். நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, இடத் தோளில் சால்வை போட்டு, மெஷின் கத்தும், கத்தினால் கழுத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். கத்தியது. அவர் உடனே கழுத்தை நேராக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஆனால் அலாரம் நிற்கவில்லை. நர்ஸ்தான் கண்டுபிடித்தார்: ட்யூப் கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. நான் விரலால் தடவவில்லை, கண்ணால்தான் பார்த்திருந்தேன்.

மொத்தம் ஏழு நிமிடம். சராசரி அழுத்தம் 72-இலிருந்து 66 வரை இறங்கி, மறுபடி 70-இல் நின்றது. முதுகு எரிச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முதுகை விடும்மா, ஜன்னல் அந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

ஃபில்டர் இப்போது 41-ஆவது மணி நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறிப்பேட்டில் பழைய வரிக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: "டயாலிசிஸ் ஓடுகிறது. கட்டில் ஓரத்தில் 7 நிமிடம், மூன்று பேர் உதவியுடன்."

21. இரவுப்பணி

நல்லது தங்கச்சி. நீர் எடுப்பதைத் திரும்பப் போட்டாயிற்றா?

22. புதுபிசியோ

போட்டாயிற்று அக்கா. பிளாஸ்திரி ஒட்டி நேரமும் எழுதினோம், 11.25.